விலகினால் ஆசனம் யாருக்கு? அம்பாறைக் கரையோரத்தின் தேர்தல் கணக்கு

2020 ஓகஸ்ட் 5 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் திகாமடுல்ல என்ற அம்பாறைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஏழு ஆசனங்களில் மூன்று பொதுஜன பெரமுனவுக்கும் இரண்டு ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிக்கும் போயின. அகில இலங்கை மக்கள் காங்கிரஸின் மயிலுக்கு ஒன்று, தேசிய காங்கிரஸின் குதிரைக்கு ஒன்று. வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 25,220 வாக்குகள் எடுத்தது. கப்பல் சின்னத்தில் இறங்கிய கருணா அம்மானின் அகில இலங்கை தமிழர் மகாசபைக்கு 29,379. கடைசி ஆசனத்தைப் பிடித்த அதாவுல்லாவின் குதிரைக்குக் கிடைத்ததோ 38,911. வீட்டையும் கப்பலையும் சேர்த்தால் 54,599 வருகிறது.

முடிவு வெளியானதுமே தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. "ரெண்டு பேரில ஒருத்தர் விலகியிருந்தா ஒரு எம்.பி. வந்திருப்பார்" என்று பாண்டிருப்பில் சொல்கிறார்கள், தம்பிலுவிலில் சொல்கிறார்கள், நாவிதன்வெளியில் சொல்கிறார்கள். நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் இதே வசனம் வேறு பெயர்களோடு வரும்: முஸ்லிம் காங்கிரஸின் மரமும் மயிலும் குதிரையும் ஒன்றாக நின்றிருந்தால், அல்லது இரண்டு விலகி ஒன்றுக்கு வழிவிட்டிருந்தால். தமிழ் பேசும் இரு சமூகங்களும் ஒரே ஆதங்கத்தைத் தனித்தனியே சுமக்கின்றன.

இந்த ஆதங்கத்தில் உண்மை எவ்வளவு? ஒரு கட்சி தந்திரமாகப் போட்டியிலிருந்து விலகுவதோ வேட்பாளர் எண்ணிக்கையைக் குறைப்பதோ இந்த மாவட்டத்தில் உண்மையில் என்ன விளைவைத் தரும்? வாக்கு எண்ணிக்கைகள் பகிரங்கமானவை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட எவராலும் முடியும். ஆனால் கூட்டணிப் பேச்சுகளில் எல்லாரும் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார்கள், கணக்கைப் போட்டுக் காட்டுபவர்கள் மிகக் குறைவு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை, மேடையில் சொல்லப்படுவதைவிட மிகவும் சிக்கலானது.

முதலில் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மேற்குப் பக்கத்தில் பெரும் சிங்களக் குடியேற்றத்தைக் கொண்டுவந்திருந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 43 சதவீதம், சிங்களவர் சுமார் 39, தமிழர் சுமார் 17. எந்தச் சமூகத்துக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில், அம்பாறை என நான்கு தேர்தல் தொகுதிகள். வடக்கே பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியே பொத்துவில் வரைக்கும் பிரதான வீதியில் பயணம் செய்தால் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். எங்கே ஒரு ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. ஊரவருக்கு ஒழுங்கை கணக்கில் தெரியும்.

மீதி வாக்கு

ஏழு ஆசனங்களும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு ஆசனம் போனஸாகப் போய்விடும். மிச்சம் ஆறு. செல்லுபடியான வாக்குகளில் ஐந்து சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த பட்டியல்கள் எல்லாம் கழிக்கப்படும். மீதமுள்ள கட்சிகளின் மொத்த வாக்கை ஆறால் வகுத்தால் ஒரு ஆசனத்தின் 'விலை' வரும். எத்தனை முழு விலை ஒரு கட்சியிடம் இருக்கிறதோ அத்தனை ஆசனம். அதற்கும் பிறகு ஆசனம் மிஞ்சினால், யாரிடம் மீதி வாக்கு அதிகமோ அவருக்கு.

2020இல் ஐந்து சதவீதக் கோட்டைத் தாண்டியவை ஆறு கட்சிகள். அவற்றின் மொத்த வாக்கு 365,115. ஆறால் வகுத்தால் ஆசன விலை சுமார் 60,850. பெரமுனவின் 126,012இல் இரண்டு முழு ஆசனம், போனஸோடு மூன்று. தொலைபேசியின் 102,274இல் ஒரு முழு ஆசனம், மீதி 41 ஆயிரத்துச் சொச்சம். மயிலிடம் 43,319, குதிரையிடம் 38,911, கப்பலிடம் 29,379, வீட்டிடம் 25,220. மிஞ்சிய மூன்று ஆசனங்களை மயிலும் தொலைபேசியும் குதிரையும் மீதி வாக்கின் வரிசைப்படி எடுத்துக்கொண்டன.

ஆக, பாண்டிருப்பில் சொல்வது சரி. கூட்டமைப்பு நின்று கருணா விலகியிருந்தால், அவருக்கு விழுந்த வாக்கில் பாதிக்கும் சற்றுக் குறைவாக வீட்டுக்கு வந்திருந்தாலே போதும், ஆசனம் கிடைத்திருக்கும். கூட்டமைப்பு விலகியிருந்தால் அதன் வாக்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகக் கப்பலுக்குப் போயிருந்தாலே போதும். இரண்டு சிறிய பட்டியல்களும் கடைசி ஆசனத்தின் எல்லைக்குக் கீழே, ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இப்படி நிற்கும்போது மட்டும்தான் விலகலுக்கு முழுப் பலன் உண்டு.

ஆனால் அந்த ஆசனம் எங்கிருந்து வந்திருக்கும்? பெரமுனவின் மூன்றும் அப்படியே இருந்திருக்கும். இழந்திருப்பது அக்கரைப்பற்றின் குதிரை. தமிழ் பேசும் ஒரு சமூகத்தின் கையிலிருந்து தமிழ் பேசும் மற்றச் சமூகத்தின் கைக்கு ஓர் ஆசனம் மாறியிருக்கும். தமிழ் வாக்கு உடைந்ததால் அந்தத் தடவை கரையோர முஸ்லிம்களுக்கு ஹரீஸ், பைசல் காசிம், முஷாரப், அதாவுல்லா என நான்கு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். இதைச் சொல்லத் தயங்கும் எந்த ஆய்வும் நேர்மையானதாக இருக்காது.

இப்போது மற்றப் பக்கத்துக் கணக்கு. அதே 2020இல் மயிலும் குதிரையும் விலகி, தங்கள் வாக்கு முழுவதையும், மரம் சேர்ந்து நின்ற தொலைபேசிக்குக் கொடுத்திருந்தால்? தொலைபேசிக்கு 184,504 வாக்கு. மாவட்டத்தில் முதலிடம், ஆகவே போனஸும் அதற்கே. மூன்று முழு ஆசனமும் போனஸும் சேர்ந்து நான்கு. பெரமுனவுக்கு இரண்டு. மிஞ்சும் ஒரு ஆசனம் மீதி வாக்கில் கருணாவின் கப்பலுக்கு. அதாவது முஸ்லிம் கட்சிகள் ஒன்றாக நின்றிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடியது அதே நான்குதான். மாறியிருப்பது, சிங்களப் பிரதிநிதித்துவம் ஒன்று குறைந்து தமிழ்ப் பிரதிநிதித்துவம் ஒன்று கூடியிருப்பது. முஸ்லிம் ஒற்றுமையின் இலாபம் தமிழருக்குப் போயிருக்கும். இந்த முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. எண்களைத் திருப்பித் திருப்பிப் போட்டும் விடை மாறவில்லை.

2015ஆம் ஆண்டின் கணக்கு இன்னும் கூர்மையானது. ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு 151,013, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைக்கு 89,334, வீட்டுக்கு 45,421, தனித்து நின்ற மயிலுக்கு 33,102. யானைக்கு நான்கு, வெற்றிலைக்கு இரண்டு, வீட்டுக்கு ஒன்று. மயிலுக்கு ஒன்றுமில்லை. வெற்றிலையின் இரண்டாவது ஆசனத்தைத் தீர்மானித்த மீதி வாக்கு 36,189. மயில் அதற்கு 3,087 குறைவு. தேர்தலுக்குப் பின்னர், "மயில் முஸ்லிம் வாக்கை வீணாக்கிவிட்டது, விலகியிருக்க வேண்டும்" என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மயிலின் 33,102 வாக்கும் ஒன்றுவிடாமல் யானைக்குப் போயிருந்தாலும் யானைக்குக் கிடைத்திருப்பது அதே நான்குதான். ஒரு ஆசனமும் கூடியிருக்காது. மாறாக, இன்னும் மூவாயிரம் வாக்குத் தனியே எடுத்திருந்தால் மயில் வெற்றிலையிடமிருந்து ஓர் ஆசனத்தைப் பறித்திருக்கும், மாவட்டத்தில் முஸ்லிம் உறுப்பினர் நால்வராகியிருப்பர்.

தனித்து நின்றது பிழையென்று அன்று ஏசப்பட்டவர்கள்தான் கணக்கின்படி சரியான வழியில் நின்றவர்கள். அவர்களிடம் இல்லாமல் போனது கொஞ்ச வாக்கு மட்டுமே.

ஐந்து சதவீதம்

விலகல் பற்றிய பேச்சு இவ்வளவு கடினமாகிப் போனதற்கு ஒரு சட்டத் திருத்தமும் காரணம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மாவட்ட மட்டத்தில் 12.5 சதவீத வெட்டுப்புள்ளி வைத்திருந்தது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப், 1988 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி ரணசிங்க பிரேமதாசவுடன் பேசி, அதை ஐந்து சதவீதமாகக் குறைக்கச் செய்தார். 15ஆவது திருத்தம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. சிறுபான்மைக் கட்சிகளுக்கு இலங்கையில் கிடைத்த மிகப் பெரிய தேர்தல் வரம் அதுதான் என்பது என் கருத்து. கரையோர ஊர்கள் இன்றும் அஷ்ரபை நினைவில் வைத்திருப்பதற்கான காரணங்களில் இது முதன்மையானது.

அதே வரத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020இல் பழைய 12.5 சதவீதமே நீடித்திருந்தால் கோட்டைத் தாண்ட 48 ஆயிரம் வாக்குக்கு மேல் வேண்டியிருந்திருக்கும். மயில், குதிரை, கப்பல், வீடு நான்கும் வெளியே போயிருக்கும். அப்படியொரு கோடு தலைக்கு மேல் இருந்தால் சிறிய கட்சிகள் பேசி இணங்கியே ஆக வேண்டும், யாராவது விலகியே ஆக வேண்டும். கோடு ஐந்துக்கு இறங்கியதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இருபதாயிரம் வாக்குத் திரட்டக்கூடிய எவருக்கும் தனித்து நிற்கத் துணிவு வந்தது. 2020இல் ஏழு ஆசனத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். கோட்டுக்குக் கீழே கழிந்துபோன வாக்கு இருபதாயிரத்துக்கும் அதிகம். அந்தச் சுயேச்சைக் குழுக்களில் பல, வெல்வதற்காகப் போடப்பட்டவை என்று யாரும் நம்புவதில்லை. ஒரு ஊரின் வாக்கை உடைக்க, சாவடியில் முகவர் எண்ணிக்கையைக் கூட்ட, பேரம் பேச ஒரு பட்டியல் கையில் இருக்க என்று அவற்றின் பயன்கள் வேறு.

எனக்கு ஐந்து சதவீதமே வேண்டும். பெரிய கட்சிகளின் காலடியில் போய் நிற்பதைவிடத் தனித்து நின்று தோற்பது மேல் என்று ஒரு சமூகம் நினைத்தால் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில் விலகல் என்பது முழுக்க முழுக்க நம்பிக்கையின் மீதே நிற்கிறது. எழுத்தில் இல்லாத வாக்குறுதிகளின் மீது.

விலகுவதற்கு வழி எங்கே?

இந்தியாவில் வேட்புமனுவைத் திரும்பப் பெறச் சட்டமே ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறது. 2023 பெப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் ஓ. பன்னீர்செல்வம் அணி தன் வேட்பாளரை அப்படித்தான் விலக்கிக்கொண்டு அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்கு வழிவிட்டது. சீட்டில் அந்தப் பெயர் இருக்காது, குழப்பமும் இருக்காது. பிரான்ஸில் இரண்டு சுற்று முறை. முதல் சுற்றில் பதிவுசெய்த வாக்காளரில் 12.5 சதவீதத்தினரின் வாக்கைப் பெற்ற எவரும் இரண்டாம் சுற்றில் நிற்கலாம். 2024 ஜூலையில் தீவிர வலதுசாரிகளைத் தடுக்க, இருநூறுக்கும் மேற்பட்ட இடதுசாரி, மையவாத வேட்பாளர்கள் சில நாட்களுக்குள் விலகினர். முதல் சுற்றில் முன்னணியில் நின்ற கட்சி இறுதியில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. பிரித்தானியாவில் 2019 நவம்பரில் நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சி முந்தைய தேர்தலில் வென்றிருந்த 317 தொகுதிகளிலும் போட்டியிடாமல் ஒதுங்கியது.

நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. 1960 மார்ச்சில் தனித்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி 10 ஆசனங்களோடு திரும்பியது. அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, சிறீலங்கா சுதந்திரக் கட்சி மூன்றும் போட்டித் தவிர்ப்பு உடன்படிக்கை செய்தன. சுதந்திரக் கட்சி 46இலிருந்து 75க்கு ஏறி ஆட்சியைப் பிடித்தது, சமசமாஜக் கட்சிக்கும் 12 கிடைத்தது. தொகுதிக்கு ஒருவர் என்ற அன்றைய முறையில் 'நீ இங்கே, நான் அங்கே' என்று பிரித்துக்கொள்ள முடிந்தது.

விகிதாசாரப் பட்டியல் முறையில் அப்படிப் பிரிக்க வழியில்லை. மாவட்டமே ஒரு தொகுதி. சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும், அதோடு விருப்பு வாக்குக்கான இலக்கங்களும். பட்டியலில் உள்ள ஒருவர் ஒலிபெருக்கியில் "நான் விலகிவிட்டேன்" என்று அறிவித்தாலும் அந்த இலக்கம் சீட்டில் இருக்கும், அந்தச் சின்னத்துக்கு விழுந்த வாக்கு அந்தக் கட்சியின் கணக்கில் சேரும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் இறந்தபின்னும் அவர் பெயர் சீட்டில் இருந்ததை வாக்காளர்கள் பார்த்தார்கள். ஆகவே உண்மையான விலகல் வேட்புமனுவுக்கு முன்னரே நடந்தாக வேண்டும். பிறகு நடப்பது அறிவிப்பு மட்டுமே.

இங்கேதான் கல்முனைக் கரையோரத்தின் தனித்த உத்தி வருகிறது. சட்டப்படி ஒரு பட்டியலில் ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டிய தொகை, அதாவது பத்துப் பெயர் இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் மனு தள்ளுபடி. ஆகவே தன் சொந்தச் சின்னத்தில் நிற்கும் கட்சி வேட்பாளரைக் குறைக்க முடியாது. இன்னொரு கட்சியின் பட்டியலுக்குள் போனால் முடியும். 2015இல் முஸ்லிம் காங்கிரஸ் யானைப் பட்டியலில் மூன்று பெயரை மட்டும் போட்டது: கல்முனைக்கு ஹரீஸ், நிந்தவூருக்கு பைசல் காசிம், சம்மாந்துறைக்கு எம்.ஐ.எம். மன்சூர். வாக்காளருக்கு இருப்பது மூன்று விருப்பு வாக்கு. "யானைக்குப் புள்ளடி, மூண்டு நம்பருக்கும் புள்ளடி" என்பதுதான் பிரசாரம். மூவரும் வென்றார்கள். மூவரின் விருப்பு வாக்கும் அறுபதாயிரத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில ஆயிரமே வித்தியாசத்தில் இருந்தன. கல்முனைக்காரர் சம்மாந்துறைக்காரருக்கும், சம்மாந்துறைக்காரர் நிந்தவூர்க்காரருக்கும் போட்டிருந்தால்தான் அப்படி வரும். ஊர்ப் பெருமை இவ்வளவு கூர்மையான ஒரு கரையோரத்தில் அது சாதாரண ஒழுக்கம் அல்ல. நான்காவது, ஐந்தாவது முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தாமல் விட்டதுதான் அந்த வெற்றியின் அடித்தளம்.

நிறுத்தாமல் விடப்பட்ட ஊர்கள் சும்மா இருந்தனவா? இல்லை. அட்டாளைச்சேனையும் பொத்துவிலும் இறக்காமமும் மருதமுனையும் "எங்கட ஊருக்கு என்ன?" என்று கேட்டன. விடையாகக் கொடுக்கப்பட்டது தேசியப்பட்டியல்.

தேசியப்பட்டியல் என்ற வாக்குறுதிதான் இந்தக் கரையோரத்தில் விலகலுக்குக் கொடுக்கப்படும் நாணயம். 2015இல் முஸ்லிம் காங்கிரஸுக்குக் கிடைத்த இரண்டு தேசியப்பட்டியல் இடங்களும் முதலில் தற்காலிகமாகத் தலைவருக்கு நெருங்கியவர்களிடம் வைக்கப்பட்டன. அட்டாளைச்சேனையின் ஏ.எல்.எம். நசீருக்கு அந்த இடம் வந்து சேர 2018 ஆகிவிட்டது. கட்சியின் நீண்டகாலச் செயலாளர் நாயகமாக இருந்த நிந்தவூர் ஹசன் அலி அதிருப்தியில் வெளியேறி வேறு அணி கண்டார். 2020இல் அம்பாறைத் தமிழருக்கு ஆசனம் இல்லாமற்போனதும் கூட்டமைப்பு தன் ஒரே தேசியப்பட்டியல் இடத்தை நாவிதன்வெளியின் கலையரசனுக்குக் கொடுத்தது. 2024 தேர்தலுக்குப் பிறகு முஸ்லிம் காங்கிரஸின் தேசியப்பட்டியல் உறுப்பினர் ஏறாவூர் நளீம் 2025 தொடக்கத்தில் பதவி விலக, பொத்துவில் வாஸித் அந்த இடத்துக்கு வந்தார். சிலருக்கு வந்தது, சிலருக்குப் பிந்தி வந்தது, சிலருக்கு வரவேயில்லை. எழுத்தில் இல்லாத கடன் எப்படியோ அப்படி.

ஊர் சொன்னால் விலகும்

கட்சி சொல்லி விலகாத வேட்பாளரும் ஊர் சொன்னால் விலகுவார். சாய்ந்தமருது இதற்குச் சான்று. 1987இல் பிரதேச சபைகள் வந்தபோது கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் ஒன்றாக்கப்பட்டன. கரைவாகு தெற்குதான் சாய்ந்தமருது. இழந்த சபையைத் திரும்பக் கேட்கும் போராட்டம் 2017இன் இறுதியில் உச்சத்துக்கு வந்தது. பெரிய ஜும்ஆப் பள்ளிவாசலின் தலைமையில், கட்சிச் சின்னங்களை ஒதுக்கிவைத்து ஒரே சுயேச்சைக் குழு நிறுத்தப்பட்டது. 2018 பெப்ரவரி 10 அன்று நடந்த தேர்தலில் கல்முனை மாநகர சபையில் அந்தக் குழு 9 ஆசனங்களை வென்றது. முஸ்லிம் காங்கிரஸின் கோட்டை என்று சொல்லப்பட்ட ஊர் அது.

அந்தத் தேர்தல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த புதிய முறையில் நடந்தது. வட்டாரத்தில் தோற்றவரின் வாக்கும் கட்சியின் கூட்டுக் கணக்கில் சேரும். ஆகவே தோற்பது உறுதியான வட்டாரத்திலும் கட்சிகள் ஆள் நிறுத்தும். அப்படியிருந்தும் சாய்ந்தமருது வாக்கு ஒன்றாகத் திரண்டது என்றால், அங்கே வேலை செய்தது தந்திரம் மட்டுமல்ல, கோரிக்கையின் தெளிவு. எதற்காக ஒதுங்குகிறோம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

பலன் கிடைத்ததா என்பது வேறு கதை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி வெளியாகி, சில நாட்களுக்குள் இடைநிறுத்தப்பட்டது. ஒரு ஊரைப் பிரித்தால் 1987க்கு முன்னிருந்தபடி நான்காகவே பிரிக்க வேண்டும் என்று கல்முனைப் பக்கத்திலிருந்து எதிர்க்கோரிக்கை வந்தது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டும் என்ற தமிழரின் நெடுநாள் கோரிக்கையும் அதே நிலத்தின் மேல்தான் நிற்கிறது. 2019 ஜூனில் அதற்காக நடந்த உண்ணாவிரதம் நாடு முழுதும் பேசப்பட்டது. 2020இல் கருணா கப்பலோடு இறங்கியதற்கும் அவருக்கு 29 ஆயிரம் வாக்கு விழுந்ததற்கும் அந்தச் செயலகப் பிரச்சினை ஒரு முக்கிய காரணம். கூட்டமைப்பு நான்கரை ஆண்டுகள் அரசை ஆதரித்தும் அதை முடித்துத் தரவில்லை என்ற கோபம் அந்த வாக்கில் இருந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து "நீ விலகியிருக்க வேண்டும்" என்று சொல்வதில் ஓர் அநியாயம் உண்டு. அந்த வாக்காளர்கள் தெரியாமல் பிரிந்தவர்களில்லை. தெரிந்தே பிரிந்தார்கள்.

வென்ற பிறகு நடந்தவற்றையும் மறைக்கக் கூடாது. 2010இல் கூட்டமைப்பின் 26,895 வாக்கும் ஒரே இடத்தில் விழுந்து ஒரு ஆசனம் கிடைத்தது. தெரிவான பியசேன சில மாதங்களுக்குள் அரச பக்கம் போய் 18ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தினார். 2020இல் தொலைபேசிச் சின்னத்தில் வென்ற ஹரீஸும் பைசல் காசிமும் அதே ஆண்டு ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். தன் வேட்பாளரை ஒரு கட்சிக்காக விட்டுக்கொடுத்து ஒதுங்கிய ஊர், அந்தக் கட்சியின் உறுப்பினர் எங்கே போய் நிற்கிறார் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து அறிந்துகொள்கிறது. அடுத்த முறை அதே ஊரிடம் "விலகு" என்று கேட்பது எளிதாக இருக்காது.

ஒரு சமூகம் மற்றதற்கு விட்டுக்கொடுத்த தருணமும் ஒன்று உண்டு. அதற்கு முன்னர், 2008 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் கூட்டமைப்பு போட்டியிடாமல் ஒதுங்கியது. அந்த வெற்றிடத்தில் பிள்ளையான் முதலமைச்சரானார். ஒதுங்குவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு என்பதைக் கூட்டமைப்பு அதில் கற்றுக்கொண்டது போலும். 2012இல் 11 ஆசனம் எடுத்தபோது, 7 ஆசனம் எடுத்த முஸ்லிம் காங்கிரஸுக்கு முதலமைச்சர் பதவியையே தர முன்வந்தார் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன். அன்று அது ஏற்கப்படவில்லை, காங்கிரஸ் அரசோடு போனது. 2015 பெப்ரவரியில் நசீர் அஹமட் முதலமைச்சரானார், கூட்டமைப்பு இரண்டு அமைச்சுகளோடு அதே ஆட்சியில் அமர்ந்தது. அதிக ஆசனம் வைத்திருந்தவர் குறைவாக வைத்திருந்தவருக்கு வழிவிட்டார். இந்த மண்ணில் நடந்த விட்டுக்கொடுப்புகளில் வெளிப்படையாகவும் நிபந்தனை தெரிந்தும் நடந்தது அதுதான். அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தது. பிறகு மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவேயில்லை.

2024 நவம்பர் தேர்தலில் கணக்கு மீண்டும் புரண்டது. தேசிய மக்கள் சக்தி நான்கு ஆசனங்களை எடுத்தது. நால்வரும் சிங்களவர். வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, கோடீஸ்வரன். மரத்துக்கு ஒன்று, உதுமாலெப்பை. மயிலுக்கு ஒன்று, தாஹிர். வீட்டுக்கும் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்குக்கும் இடையே அம்பாறையில் பொதுப்பட்டியல் போடும் பேச்சு நடந்து முறிந்தது. ஆனாலும் தமிழ் வாக்கு இந்த முறை ஒரு சின்னத்தின் பின்னால் போதிய அளவு திரண்டது. யாரும் அதிகாரபூர்வமாக விலகவில்லை, வாக்காளரே விலக்கினார்கள். முஸ்லிம் பக்கத்தில் நான்கு பேர் இருந்த இடத்தில் இருவர். அட்டாளைச்சேனைக்கும் நிந்தவூருக்கும் ஆளுக்கு ஒருவர் கிடைக்க, கல்முனை முஸ்லிம்களுக்கு நேரடியாகத் தெரிவான உறுப்பினர் இல்லாமற்போனார்.

இந்த எண்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. அம்பாறையில் விலகல் எப்போதும் நன்மை தருமென்பது பொய், ஒருபோதும் தராதென்பதும் பொய். 2020இன் தமிழ்ப் பட்டியல்களுக்கு அது ஓர் ஆசனத்தைத் தந்திருக்கும். 2015இன் மயிலுக்கு அது வெறும் இழப்பாகவே முடிந்திருக்கும். எது எப்போது என்பதை முன்கூட்டியே ஏறக்குறையச் சொல்ல முடியும், ஏனென்றால் ஊர் ஊராக வாக்குப் பலம் எல்லாருக்கும் தெரியும். தலைவர்கள் கொழும்பில் ஓர் ஓட்டலில் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, ஊருக்கு வந்து "சமூகத்துக்காக" என்று மட்டும் சொல்வதால்தான் விலகியவன் ஏமாந்தவனாகவும் விலகாதவன் துரோகியாகவும் ஆகிவிடுகிறான்.

கல்முனை மாநகர சபையின் காலம் 2023இல் முடிந்தது. நீதிமன்றத் தடையால் அந்த ஆண்டு வேட்புமனு ஏற்கப்படவில்லை, 2025 மே மாதம் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் கல்முனையில் நடக்கவில்லை. என்றாவது நடக்கும். மாகாண சபைக்கும் நடக்கும். அப்போது பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் தங்களிடம் வந்து ஒதுங்கச் சொல்லும் கட்சியிடம், கடந்த தேர்தலின் எண்களைப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள். விலகுவதால் வரும் ஆசனம் யாரிடமிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதிலுக்குத் தரும் வாக்குறுதியை எழுத்தில், பெயரோடும் காலத்தோடும், வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னரே ஊரறிய வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க மறுப்பவருக்காக எந்த ஊரும் தன் வேட்பாளரை விலக்க வேண்டியதில்லை.